அரசு தடுத்த நூல் பாரிசிலேயே அச்சேறி முடிந்தது எப்படி? பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம், 1745–1772: ஒரு நிகழ்வு ஆய்வு

1759ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் பிரான்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் அரசவை ஓர் ஆணை பிறப்பித்தது. பாரிசில் தொகுதி தொகுதியாக வெளிவந்துகொண்டிருந்த கலைக்களஞ்சியத்துக்கு முன்னர் வழங்கப்பட்டிருந்த அச்சுரிமை அதன்படி ரத்தாயிற்று. கலைகளும் அறிவியலும் வளர இத்தகைய நூல் எவ்வளவு உதவினாலும், சமயத்துக்கும் ஒழுக்கத்துக்கும் அது விளைவிக்கும் கேட்டை அந்த நன்மையால் ஒருபோதும் ஈடுசெய்ய முடியாது என்று ஆணை காரணம் சொன்னது. அப்போது ஏழு தொகுதிகள் வெளிவந்திருந்தன. அகரவரிசை ‘ஜி’ என்ற எழுத்தோடு நின்றிருந்தது. ஏறத்தாழ 4,000 சந்தாதாரர்கள் பணம் கட்டிவிட்டு மீதித் தொகுதிகளுக்காகக் காத்திருந்தார்கள். அதே ஆண்டில் ரோமும் நூலைக் கண்டித்துத் தடைநூல் பட்டியலில் சேர்த்தது.

ஆனாலும் எஞ்சிய பத்து உரைத் தொகுதிகளும் 1765ஆம் ஆண்டின் இறுதியில் ஒருசேர வெளிவந்தன. படத் தொகுதிகளில் கடைசியானது 1772இல் வந்தது. உரைக்கு 17, படங்களுக்கு 11 என மொத்தம் 28 பெருந்தொகுதிகள். ஏறத்தாழ 72,000 கட்டுரைகள். அரசவை, உயர்நீதிமன்றம், பாரிஸ் பல்கலைக்கழகத்தின் சோர்பான் இறையியல் துறை, திருச்சபைத் தலைமை ஆகிய அனைத்தும் கண்டித்த ஒரு நூல், அந்த அரசின் தலைநகரத்திலேயே அச்சடித்து முடிக்கப்பட்டது எப்படி என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. அஞ்சாத சிந்தனையாளர்கள் அடக்குமுறையை வென்றார்கள் என்பது வழக்கமான விடை. அது பொய்யில்லை, ஆனால் போதாது. அதிகாரம் பல கைகளில் பிரிந்து ஒன்றையொன்று சந்தேகித்துக் கிடந்ததும், நூலில் பெரும் பணம் முடங்கியிருந்ததும் அதன் உயிரைக் காத்தன. நூலின் உரைக்கு மிகப் பெரிய சேதம் விளைவித்தவரோ, அதை அச்சிட்ட பதிப்பாளர்தான்.

தொடக்கம்

முதலில் இது ஒரு வணிக முயற்சியாக மட்டுமே இருந்தது. லண்டனில் எஃப்ராயிம் சேம்பர்ஸ் 1728இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கிலக் கலைக்களஞ்சியம் நன்றாக விற்றது. அதைப் பிரெஞ்சில் பெயர்த்து வெளியிட 1745இல் பாரிஸ் பதிப்பாளர் லெ பிரெத்தான் திட்டமிட்டார். முதலில் அமர்த்திய மொழிபெயர்ப்பாளருடன் சண்டை வந்தது. பிறகு அமர்த்திய பதிப்பாசிரியரும் நிலைக்கவில்லை. வேறு மூன்று பதிப்பாளர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்ட பிறகு, 1747 அக்டோபரில் தெனி திதரோவிடமும் கணித அறிஞர் தலம்பேரிடமும் பொறுப்பை ஒப்படைத்தார். திதரோ லாங்ர் என்ற ஊரில் கத்தி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகன். இந்தப் பின்னணி நூலின் போக்கையே மாற்றியது என்பது என் கருத்து.

மொழிபெயர்ப்பாக இருந்திருக்க வேண்டிய வேலையை இருவரும் புத்தம்புதிய நூலாக விரித்தார்கள். நடுவே 1749 ஜூலையில், பார்வையற்றோர் உலகை எப்படி அறிகிறார்கள் என்ற பொருள்பற்றி எழுதிய நூலுக்காகத் திதரோ வேன்சேன் கோட்டையில் அடைக்கப்பட்டார். நவம்பர் வரை அங்கேதான் இருந்தார். முதலீடு முழுவதும் அந்த ஒரு மனிதரை நம்பியிருக்கிறது என்று பதிப்பாளர்கள் அதிகாரிகளிடம் மன்றாடினார்கள். பணம் நூலுக்குக் கவசமாக நின்ற முதல் சந்தர்ப்பம் இதுதான். 1751இல் முதல் தொகுதி வெளிவந்தது.

நூல் என்ன செய்தது

முதல் தொகுதியில் ‘அரசியல் அதிகாரம்’ என்ற கட்டுரை, மற்றவர்களுக்குக் கட்டளையிடும் உரிமையை எந்த மனிதனும் இயற்கையிடமிருந்து பெறவில்லை என்று தொடங்குகிறது. இறைவனே மன்னருக்கு ஆட்சியை அளித்தார் என்ற கொள்கை நிலவிய நாட்டில் அது துணிச்சலான வரி. எதிரிகள் அதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் இத்தகைய வெளிப்படையான வரிகள் நூலில் குறைவு. அதன் உண்மையான வலிமை, ஆபத்தில்லாததாகத் தோன்றும் கட்டுரைகளில் படிந்திருக்கிறது.

அதே தொகுதியில் ‘சித்திய ஆட்டுக்குட்டி’ என்றொரு சிறு கட்டுரை உண்டு; திதரோ எழுதியது. தார்த்தாரி நாட்டில் ஆட்டுக்குட்டி வடிவில் ஒரு செடி முளைக்கிறது, அது தன்னைச் சுற்றியுள்ள புல்லை மேய்கிறது, ஓநாய்கள் அதைத் தேடி வந்து தின்கின்றன என்றெல்லாம் பெயர்பெற்ற அறிஞர்கள் பலர் எழுதியிருந்தார்கள். திதரோ அவர்கள் சொன்னதை முதலில் அப்படியே எடுத்துவைக்கிறார். பிறகு, கெம்ஃபர் என்ற பயணி நேரில் போய்த் தேடிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறார். லண்டனில் மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் ஆராய்ந்து பார்த்தபோது, அது ஆட்டுக்குட்டியின் சாயலில் அமைந்த, பட்டுப் போன்ற மயிர் அடர்ந்த ஒரு தாவர வேர் மட்டுமே என்று தெரிந்தது. இத்தோடு கட்டுரையை முடித்திருக்கலாம், அவர் முடிக்கவில்லை. ஒரு செய்தியை நம்பலாமா என்று முடிவு செய்யும் நெறிகளை அங்கேயே வகுக்கத் தொடங்குகிறார். சாதாரணச் செய்திக்குச் சில நேர்மையான சாட்சிகள் போதும். வியப்புக்குரிய செய்திக்கு அதைவிட வலுவான சாட்சியம் வேண்டும். சொன்னவர் நேரில் பார்த்தாரா, பிறர் சொல்லக் கேட்டாரா என்று விசாரிக்க வேண்டும். ஓரிடத்தில் ஒருமுறை மட்டும் நடந்து மறைந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியையும், எவரும் எப்போதும் போய்ப் பார்க்கக்கூடிய நிகழ்ச்சியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

கட்டுரை முழுவதும் ஒரு செடியைப் பற்றியது. தேவாலயம் குறித்தோ திருமறையின் அற்புதங்கள் குறித்தோ அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அந்த நெறிகளைக் கற்ற வாசகர் அவற்றைச் செடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. மரபுவழி அதிகாரம் தன் ஆற்றலைப் பெறுவது ‘பெரியவர்கள் சொன்னார்கள்’ என்ற ஒரே சான்றிலிருந்துதான். அந்தச் சான்றை எப்படிச் சோதிப்பது என்று ஒரு தாவரவியல் கட்டுரை கற்றுக்கொடுத்தது. பதினேழு தொகுதிகளில் எதைப் படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சுட்டிக்காட்டும் கட்டுரை இதுவே.

குறுக்குக் குறிப்புகளும் இதே வேலையைச் செய்தன. நரமாமிசம் தின்போர் பற்றிய கட்டுரையின் முடிவில், ‘நற்கருணை’ (அப்பத்தை இயேசுவின் உடலாக ஏற்று உண்ணும் கிறித்தவச் சடங்கு), ‘பலிபீடம்’ என்ற தலைப்புகளையும் பார்க்கும்படி வாசகருக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. ஒரு கட்டுரை நாட்டு வழக்கத்தை மரியாதையோடு விவரிக்கும்போது, குறிப்பு சுட்டும் வேறொரு கட்டுரை அந்த வழக்கத்தின் அடித்தளத்தைக் கேள்வி கேட்கலாம் என்று, ஐந்தாம் தொகுதியில் திதரோ இந்த உத்தியைப் பகிரங்கமாகவே விளக்கினார். முதல் தொகுதியின் அறிவு வரைபடமோ, பிரான்சிஸ் பேகனைப் பின்பற்றி, நினைவு, பகுத்தறிவு, கற்பனை என்ற மூன்று கிளைகளில் எல்லாத் துறைகளையும் அடுக்கியது. அதுவரை அறிவுகளின் அரசியாக மதிக்கப்பட்ட இறையியல், இங்கே பகுத்தறிவின் கீழே ஒரு கிளையாயிற்று. குறிசொல்வதும் சூனியமும் அதற்கு அருகிலேயே இடம்பெற்றன.

கைத்தொழில்களுக்குக் கொடுத்த இடம் இன்னொன்று. தொழில்நுட்பங்கள் அதுவரை தொழிற்குழுக்களின் மறைபொருளாக, தந்தையிடமிருந்து மகனுக்கும் முதலாளியிடமிருந்து பயில்பவனுக்கும் வாய்மொழியாகவே சென்றன. திதரோவும் உதவியாளர்களும் பட்டறைகளுக்கே போய்க் கேட்டு எழுதினார்கள். தாம் பயன்படுத்தும் கருவிகளைப் பற்றித் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேரில் ஒரு டஜன்கூடத் தேற மாட்டார்கள் என்று 1750இல் வெளியிட்ட முன்னறிவிப்பிலேயே திதரோ குறிப்பிடுகிறார். காலுறை பின்னும் தறியைப் பற்றி எழுதியபோது, அந்த இயந்திரத்தை முழுமையான ஒரே தர்க்கமாகவும் அதில் உருவாகும் துணியை அந்தத் தர்க்கத்தின் முடிவாகவும் கண்டார். கத்தி செய்பவரின் மகன், கைவேலைக்குள் இருக்கும் சிந்தனையை எழுத்தில் நிறுவிய இடம் அது. குண்டூசி பற்றிய கட்டுரை, ஓர் ஊசி உருவாக 18 தனித்தனி வேலைகள் நடப்பதைப் படிப்படியாகக் காட்டுகிறது. கூசியே என்ற ஓவியர் வரைந்த நூற்றுக்கணக்கான படங்கள், பட்டறையின் தோற்றத்தை மேற்பாதியிலும் கருவிகளின் உறுப்புகளைக் கீழ்ப்பாதியிலும் காட்டும் முறையை நிலைநாட்டின.

இதில் ஒரு குறையையும் பதிவுசெய்ய வேண்டும். அறிவியல் கழகத்துக்காக ரெயோமூர் என்ற அறிஞர் தயாரித்து வைத்திருந்த படங்களைப் பதிப்பாளர்கள் பயன்படுத்திக்கொண்டதாக 1759இல் குற்றச்சாட்டு எழுந்தது. கழகம் ஆய்வாளர்களை அனுப்பிச் சோதித்தது. குற்றச்சாட்டு முழுப் பொய்யன்று. எல்லாப் படங்களும் நேரில் பார்த்து வரைந்தவை என்ற பெருமை அந்த நூலுக்கு இல்லை.

முதல் தடை, 1752

இரண்டாம் தொகுதி வந்த வேளையில், அதில் ஒரு கட்டுரை எழுதியிருந்த பிராத் என்ற இளம் குருவானவரின் ஆய்வேடு சிக்கலில் மாட்டியது. சோர்பான் முதலில் ஏற்றுக்கொண்ட அந்த ஏட்டை, எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதே சோர்பான் கண்டித்தது. அவர் பெர்லினுக்குத் தப்பிப் போனார். 1752 பிப்ரவரியில், அரச அதிகாரத்தைக் குலைத்துச் சுதந்திர மனப்பான்மையையும் கலக உணர்வையும் வளர்க்கும் கருத்துகள் கொண்டவை என்று முதல் இரண்டு தொகுதிகளையும் அரசவை முடக்கியது.

அந்த ஆணையை நிறைவேற்ற வேண்டிய அதிகாரி மால்ஸெர்ப். நூல் வெளியீட்டுத் துறையின் தலைவராக இருந்த அவருக்கு அப்போது வயது 30; அவருடைய தந்தைதான் நாட்டின் வேந்தமைச்சர். திதரோவின் மகள் பின்னாளில் எழுதிவைத்த நினைவுக் குறிப்பு ஒன்று அவரைப் பற்றிச் சொல்கிறது. கையெழுத்துப் பிரதிகளைப் பறிமுதல் செய்ய மறுநாள் ஆணையிடப் போவதாக மால்ஸெர்ப் திதரோவுக்கு முன்கூட்டியே தெரிவித்தார். இவ்வளவு தாள்களை ஒரே நாளில் எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று திதரோ திகைத்தபோது, எல்லாவற்றையும் தம் வீட்டுக்கே அனுப்பிவிடும்படியும் அங்கே யாரும் தேட மாட்டார்கள் என்றும் அவர் சொன்னாராம். அரசு வெளிப்படையாக அனுமதித்த நூல்களை மட்டுமே படிப்பவன் தன் காலத்து மக்களைவிட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பின்தங்கிவிடுவான் என்று பிற்காலத்தில் எழுதியவர் இவர்.

1752ஆம் ஆண்டு ஆணை இரண்டு தொகுதிகளை முடக்கியதே தவிர, அச்சுரிமையை ரத்து செய்யவில்லை. மூன்று இறையியலாளர்கள் ஒவ்வொரு தாளையும் முன்கூட்டிப் படித்து ஒப்புதல் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு வேலை தொடர்ந்தது. 1753 முதல் 1757 வரை ஆண்டுக்கொன்றாக ஐந்து தொகுதிகள் வந்தன. சந்தாதாரர் எண்ணிக்கையும் பெருகியது.

இரண்டாம் தடை, 1757–1759

1757 ஜனவரி 5ஆம் நாள் தாமியேன் என்பவன் மன்னரைக் கத்தியால் குத்தினான். காயம் சிறிதாயினும் நாடே நடுங்கியது. சமயத்தையும் அரச அதிகாரத்தையும் தாக்கும் நூல்களை எழுதுவோருக்கும் அச்சிடுவோருக்கும் மரண தண்டனை என்று அந்த ஏப்ரலில் அரசு அறிவித்தது. ஏழாம் தொகுதியில் தலம்பேர் எழுதிய ‘ஜெனீவா’ கட்டுரை அந்நகரத்துப் போதகர்களைச் சீண்டியது. அதனால் ரூசோவும் பகையானார். வசைகளைத் தாங்க முடியாமல் தலம்பேர் 1758இல் பதிப்பாசிரியர் பொறுப்பைக் கைவிட்டார். நாட்டை விட்டு வெளியேறிவிடும்படி வால்டேர் திதரோவை வற்புறுத்தினார். அதே ஆண்டில் எல்வேசியுஸ் என்ற மெய்யியலாளர் மனித உள்ளம் பற்றி எழுதிய நூல் பெரும் கொந்தளிப்பைக் கிளப்ப, அதற்கும் கலைக்களஞ்சியத்துக்கும் முடிச்சுப் போட்டு, 1759 ஜனவரியில் பாரிஸ் பார்லெமான் என்னும் உயர்நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் குற்றஞ்சாட்டினார்.

இந்த இடத்தில் அதிகாரத்தின் உட்பகையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நூல்களைத் தணிக்கை செய்யும் உரிமை மன்னருடையது. அதை மால்ஸெர்ப் கவனித்தார். பார்லெமானோ, ஏற்கெனவே அரசுத் தணிக்கையாளர்கள் ஒப்புதல் அளித்த தொகுதிகளை மறுபடி ஆராயத் தானே ஒன்பது பேரை நியமித்தது. அதாவது, மன்னரின் உரிமையிலேயே கைவைத்தது. மார்ச் 8ஆம் நாள் அரசவை முந்திக்கொண்டு அச்சுரிமையை ரத்து செய்ததற்கு நூலின் மேல் இருந்த கோபம் மட்டும் காரணமன்று. விவகாரத்தைப் பார்லெமானின் கையிலிருந்து பறிக்கும் நோக்கமும் அதில் இருந்தது. இயேசு சபையினரும் அவர்களுடைய கடும் எதிரிகளான, கத்தோலிக்கத்துக்குள்ளேயே கண்டிப்பான பிரிவாக இருந்த ஜான்சனியரும் ஒருவரையொருவர் விஞ்ச வேண்டும் என்றே நூலைத் தாக்கினார்கள். அந்தப் பகையின் முடிவில், 1762இல் பார்லெமான் இயேசு சபையையே கலைத்தது. கலைக்களஞ்சியத்தின் மிகத் திறமையான எதிரிகள் களத்திலிருந்து மறைந்தார்கள்.

1759 ஜூலையில் இன்னோர் ஆணை வந்தது: ஒவ்வொரு சந்தாதாரருக்கும் 72 லீவர் (அக்காலப் பிரெஞ்சுப் பணம்) திருப்பித் தர வேண்டும். 4,000 பேருக்கு என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 2,88,000 லீவர் ஆகிறது. நான்கு பதிப்பாளர்களையும் தெருவில் நிறுத்தப் போதுமான தொகை. ஆனால் பணம் திரும்பக் கேட்டு யாரும் வரவில்லை என்றே பதிவாகியிருக்கிறது. செப்டம்பரில், படத் தொகுதிகளை மட்டும் வெளியிடப் பதிப்பாளர்கள் புதிய உரிமம் பெற்றார்கள். அந்த 72 லீவரைப் படங்களுக்கான பணமாக வரவு வைத்துக்கொண்டார்கள். வெளிப்பார்வைக்குப் படங்கள் மட்டும் அச்சாயின. உள்ளே உரைத் தொகுதிகளும் அச்சாகிக்கொண்டிருந்தன. அதிகாரிகளுக்கு இது தெரியாமல் இல்லை. பெருந்தொகை வெளிநாட்டு அச்சகங்களுக்குப் போய்விடுவதை அவர்கள் விரும்பவில்லை. 1762இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின், தம் நாட்டிலேயே அச்சிட்டு முடிக்கலாம் என்று அழைத்தார், திதரோ ஏற்கவில்லை.

அந்த ஆண்டுகளில் திதரோவுக்குத் துணைநின்றவர் செவாலியே த ழோகூர். முழு நூலில் ஏறத்தாழ கால் பங்கு, அதாவது 17,000 கட்டுரைகள் அளவுக்கு, இவர் ஒருவரே எழுதினார். ஊதியம் வாங்காததோடு, தாம் அமர்த்திய எழுத்தர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தம் வீட்டையே விற்க நேர்ந்தது. அந்த வீட்டை வாங்கியவர் லெ பிரெத்தான். வால்டேரையும் ரூசோவையும் அறிந்தவர்களில் பலர் ழோகூர் பெயரைக் கேட்டதே இல்லை. இந்த மறதி நியாயமற்றது.

உள்ளிருந்து வந்த வெட்டு

1764 நவம்பரில், அச்சான தொகுதி ஒன்றில் ‘சாராசெனியர்’ (அரபு முஸ்லிம்களுக்கு ஐரோப்பியர் வழங்கிய பழைய பெயர்) என்ற தம் கட்டுரையைத் தேடிப் பார்த்த திதரோ, அது சிதைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். வேறு கட்டுரைகளையும் புரட்டிப் பார்த்தார். அவர் கடைசி மெய்ப்பைத் திருத்தி, அச்சிடலாம் என்று கையெழுத்திட்டுத் தந்த பிறகு, லெ பிரெத்தானும் அவருடைய அச்சக மேற்பார்வையாளரும் இரகசியமாக உட்கார்ந்து, ஆபத்தானவை என்று தமக்குத் தோன்றிய வரிகளையும் பத்திகளையும் வெட்டியிருக்கிறார்கள். மூலக் கையெழுத்துப் பிரதிகளையும் எரித்துவிட்டார்கள் என்று திதரோவின் நண்பர் கிரிம் எழுதிவைத்திருக்கிறார். அதனால் இழந்ததை மீட்க வழியில்லை.

நவம்பர் 12ஆம் நாள் திதரோ லெ பிரெத்தானுக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளாகத் தம்மை ஏமாற்றியதாகவும், உண்மையின்மேல் கொண்ட அன்பால் மட்டுமே உழைத்த இருபது நல்ல மனிதர்களின் படைப்பைக் கொன்றுவிட்டதாகவும் அதில் குமுறுகிறார். வேலையை விட்டுவிடவே நினைத்தார், நண்பர்கள் தடுத்தார்கள்.

மன்னரின் அதிகாரபூர்வ அச்சகத்தாராகவும் இருந்த லெ பிரெத்தானுக்கு எல்லாவற்றையும் இழக்கும் அச்சம் இருந்தது. அந்த அச்சம் விளங்காததன்று. ஆனால் அரசின் தணிக்கையாளர் வெட்டினால் ஆசிரியருக்குத் தெரியும். வாதாடலாம், மாற்றி எழுதலாம். இங்கே ஆசிரியருக்கே தெரியாமல், அவர் பெயரிலேயே, அவர் எழுதாத வடிவம் உலகுக்குப் போயிற்று. இருபது ஆண்டுகளில் எந்த ஆணையும் நூலின் உள்ளுரைக்கு இவ்வளவு கேடு செய்யவில்லை.

பத்துத் தொகுதிகளும் பிரான்சுக்கு வெளியே இருந்த நெஷாதெல் நகரத்துப் பதிப்பாளர் பெயரைப் பொய்யாகத் தாங்கி வெளிவந்தன. இவ்வளவு எச்சரிக்கையாக இருந்த லெ பிரெத்தான், அதிகாரிகள் கூடாது என்று சொல்லியிருந்தும், அரசவை இருந்த வெர்சாயில் படிகளை வினியோகித்ததற்காக 1766 ஏப்ரலில் ஒரு வாரம் பாஸ்டில் சிறையில் இருக்க நேர்ந்தது.

யாரிடம் போய்ச் சேர்ந்தது

முதல் பதிப்பின் முழு விலை 980 லீவர். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லீவர் சம்பாதித்த கூலித்தொழிலாளிக்கு அது மூன்றாண்டு வருமானம். எந்தப் பட்டறைக்காரர்களின் அறிவை நூல் போற்றியதோ, அவர்களால் அதை வாங்க முடியவில்லை. பெண்களுக்கு எழுத்தாளர் வரிசையில் இடம் கிடைத்தது அரிதிலும் அரிது. அடிமை வணிகத்தைப் பொறுத்தவரை நூல் தனக்குத்தானே முரண்படுகிறது: பதினோராம் தொகுதியில் ஒரு கட்டுரை ஆப்பிரிக்க அடிமைகளைத் தோட்டத்து வேலைக்கான சரக்காகவே கூசாமல் விவரிக்கிறது, பதினாறாம் தொகுதியில் ழோகூர், இத்தனை பேரைத் துன்புறுத்துவதைவிட ஐரோப்பியக் குடியேற்றங்கள் அழிந்துபோவதே மேல் என்று எழுதுகிறார். எழுதியவர்கள் 140 பேருக்கும் மேற்பட்டவர்கள் என்பதால் இது நேர்ந்தது என்று சொல்லலாம். ஆனால் முதலில் சொன்ன கட்டுரையை அச்சுக்கு அனுமதித்தவரும் அதே திதரோதான்.

விலை பிறகு குறைந்தது. லுக்கா, லிவோர்னோ, ஜெனீவா எனப் பல நகரங்களில் மறுபதிப்புகள் வந்தன. 1770களின் பிற்பகுதியில் வெளிவந்த, தாளை நான்காக மடித்த சிறிய அளவுள்ள நான்மடிப் பதிப்பு 384 லீவருக்கும், அதைவிடச் சிறிய எண்மடிப் பதிப்பு 225 லீவருக்கும் விற்றன. 1789ஆம் ஆண்டுக்கு முன் எல்லாப் பதிப்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 24,000 படிகள் அச்சானதாக வரலாற்றாசிரியர் ராபர்ட் டார்ன்டன் கணக்கிடுகிறார். பெசான்சோன் என்ற மாகாண நகரத்தில் மட்டும் நான்மடிப் பதிப்பு 338 படிகள் விற்றன. வாங்கியவர்களில் வழக்கறிஞர்கள், அரசு அலுவலர்கள், படை அதிகாரிகளோடு குருமாரும், அவ்வூர்ப் பார்லெமானின் நீதிபதிகளும் இருந்தார்கள். ஒரு தலைமுறைக்கு முன் நூலைக் கண்டித்த அதே வகுப்பினர் அதைத் தம் நூலகங்களில் அடுக்கிக்கொண்டார்கள்.

அவர்களில் எவருக்கும் கிடைத்தது திதரோ ஒப்புதல் அளித்த முழு உரை அன்று; மறுபதிப்புகளின் பிற்பகுதித் தொகுதிகளும் லெ பிரெத்தான் வெட்டிய வடிவத்தையே அடியொற்றின. வெட்டிய பகுதிகளில் சிலவற்றின் மெய்ப்புத் தாள்களை லெ பிரெத்தான் தம் சொந்தப் படியில் சேர்த்துத் தனித் தொகுதியாகக் கட்டி வைத்திருந்தார். அந்தத் தொகுதி 20ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்ட பிறகுதான், ‘சாராசெனியர்’ கட்டுரையிலும் பண்டைய கிரேக்க ஐயவாதிகளைப் பற்றிய கட்டுரையிலும் திதரோ எழுதி நீக்கப்பட்ட பத்திகளை ஆய்வாளர்கள் படிக்க முடிந்தது.